அரிதட்டில் கழுவிய கல்

கலேவெலைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மிளகாய்த் தோட்டத்தில் குழாய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். துளை கீழே போகப் போக வெளியே வரும் மண்ணையும் கல்லையும் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. ஒவ்வொரு குழாய் இறங்கியதும் ஒரு கை அள்ளி, தரையில் விரித்த தறப்பாள் மேல் வரிசையாகக் குவித்து வைப்பேன். கல் துகளைக் கழுவினால்தான் நிறம் தெரியும். அன்றைக்குப் பார்த்து, கழுவும் சல்லடையை மாத்தளையில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்த வீட்டில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"தாத்தா, பழைய அரிதட்டு ஏதாவது இருக்குங்களா?"

"பழசு இல்ல. இடியப்ப மா அரிக்கிறதுதான் ஈக்கி. கல்லு கழுவவா?"

சந்தேகத்தோடு கொண்டுவந்து கொடுத்தவர் திரும்பிப் போகவில்லை. நான் அதைக் குலுக்கிய விதம் பொறுக்காமல், வாங்கித் தானே கழுவ ஆரம்பித்துவிட்டார்.

செம்மண் முடிந்து, விரலால் நசுக்கினால் உதிரும் உக்கிய கல் வந்தது. பிறகு கடும்பாறை. மத்தியானம் வரை சாம்பல் தூசிதான், துளி ஈரம் இல்லை. நிறுத்திவிடலாம் என்று மெஷின்காரர் சிங்களத்தில் சொன்னார். தாத்தாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கை கழுவிக்கொண்டே இருந்தது.

"இதென்ன தங்கச்சி, கறல் புடிச்சீக்கி?"

அரிதட்டில் சில வெள்ளைக் கற்கள். ஒரு பக்கம் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு.

"பாறையில வெடிப்பு இருக்குங்க தாத்தா. அது வழியா தண்ணி ஓடியிருக்கு. இப்பவும் ஓடுதான்னுதான் தெரியல."

இன்னும் ஒரு குழாய் இறக்கிப் பாருங்கள் என்று மெஷின்காரரிடம் கெஞ்சினேன். தாத்தாவுக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேனோ என்றும் தோன்றியது.

குழாய் பாதி இறங்கியதும் தூசி நின்றது. கொஞ்சம் சேறு துப்பியது. அப்புறம் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டு எல்லோரையும் நனைத்தது. தறப்பாளில் இருந்த குவியல்கள் கரைந்து ஓட ஆரம்பித்தன.

"மண்ணு போகுது தங்கச்சி, புடிங்க," என்று தாத்தா ஓடிவந்தார். இருவரும் குனிந்து அள்ளினோம். சிரிப்பில் பாதி கைநழுவிப் போனது. எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது எழுதியிருந்ததால் பிழைத்தேன்.

மெஷின்காரர் அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவிக்கொண்டு, இங்கே தண்ணீர் இருக்கும் என்று தனக்கு அப்போதே தெரியும் என வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தாத்தாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிதட்டைக் கழுவினோம்.