அண்ணன் ஜீப்புல என் கல்யாணம்

இன்னிக்கு ஈப்போ சாப்பாட்டுக் கடையில என் அண்ணன் பக்கத்து மேசைக்காரர்கிட்ட பெருமையா பேசிக்கிட்டு இருந்தாரு.

"எண்பத்திரண்டுல என் பழைய ஜீப்புல லாரி இன்ஜின் மாட்டுனேன்லா. பானெட்டையே வெட்டித்தான் உள்ள இறக்குனேன்."

உண்மைதான். அந்த ஜீப்புலதான் என்னை லகாட்லேருந்து தெலுக் இந்தானுக்குக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. இன்ஜின் பெருசு, பிரேக் மட்டும் பழசு. வேகமா போனா நிக்காதுன்னு பயந்து வழி முழுக்க ஊர்ந்தாரு. தோட்டத்து லாரிகூட எங்களை முந்திருச்சு.

நல்ல நேரம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போய்ச் சேர்ந்தோம். நான் ஓடிட்டேன்னு நினைச்சு, மாப்பிள்ளை கோயில் வாசல்ல கண் கலங்கி நின்னாரு.

"வேகம் எப்படிண்ணே?"ன்னு மேசைக்காரர் கேட்டாரு.

அண்ணன் என்னைப் பார்த்தாரு.

"பறந்தோம்"னு நான் சொன்னேன்.

பக்கத்துல என் வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணி புரையேறிருச்சு.

நீங்க யாருக்காக இப்படிப் பொய் சொல்றீங்க?