வலது மூன்று, இடது மூன்று

கம்ப்யூட்டர் வந்தால் முதலில் வேலை போவது தமிழாசிரியனுக்குத்தான் என்று நான் நம்பினேன். அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பெட்டியே அ, ஆ சொல்லிக்கொடுத்துவிடும், நான் தேக்கா சந்தையில் மாலை கட்டப் பழகவேண்டியதுதான் என்று மனைவியிடம் புலம்பினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அதுவரை நான் ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. பயப்படுவதற்குத் தொடவா வேண்டும்?

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் பாலர் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்குத் தனியாக ஏர்கான் அறை, பூப்போட்ட போர்வை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பிள்ளைகள் மின்விசிறிக்கடியில் வேர்த்து வழிய, யாரும் தொடாத அந்தப் பெட்டி மட்டும் குளுகுளுவென்று தூங்கியது. சாவி தலைமையாசிரியையின் கைப்பையில்.

அதே வாரம், புக்கிட் பாஞ்சாங் கிளைக்கு ஓர் ஆசிரியர் தேவை என்றும் செய்தி வந்தது. எனக்கு வீடு பிடோக்கில். தினமும் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, மூன்று பஸ் மாறி! பீதியில் தலைமையாசிரியை முன் கையைத் தூக்கிவிட்டேன்.

"மேடம், கம்ப்யூட்டர் வகுப்ப நானே எடுக்கிறேன்."

"சாருக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"பெட்டியே வேணாம் மேடம். பிள்ளைங்கள நடக்கவச்சே சொல்லிக்கொடுத்துடலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரண்ட்ஸ் டேல செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா இங்கயே இருங்க. இல்லாட்டி புக்கிட் பாஞ்சாங்தான் லா."

கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் செய்யும். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வரிதான், அதையே பாடத்திட்டமாக்கினேன். தரையில் அட்டைகளைப் பரப்பினேன். ஓர் அட்டையில் வலப்பக்க அம்புக்குறியும் மூன்று பாதங்களும். அடுத்ததில் வட்ட அம்புக்குறியும் நாற்காலியும்: நாற்காலியைத் தொடும்வரை மறுபடி செய். "நான் வாயால என்ன சொன்னாலும் கேக்கக்கூடாது, அட்டை சொல்றதுதான்" என்றேன். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிக்கும் சட்டம் உண்டா? ஒத்திகையில் ஒருவர் பின் ஒருவராகப் போய் நாற்காலியைத் தொட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வெறும் நடையைப் பார்த்துப் பெற்றோர் கொட்டாவி விடுவார்களே என்று புதிய பீதி பிடித்தது. அதே கூடத்தில் சனிக்கிழமைகளில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரை, வந்து குச்சியால் தாளம் தட்டச் சொன்னேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் அவரிடமும் படித்தார்கள்.

"ஒருதடவ சேர்ந்து பாத்துக்கலாமா சார்?"

"குச்சி தட்றதுக்கு என்ன டீச்சர் ஒத்திகை?"

அன்றைக்குக் கூடம் நிறையப் பெற்றோர், கையில் கேமரா. குச்சி கட்டையில் விழுந்தது. பிள்ளைகள் வலப்பக்கம் மூன்று அடி வைத்தார்கள். உடனே, யாரும் கேட்காமலே, இடப்பக்கம் மூன்று அடி வைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார்கள். நாட்டியம் தெரியாதவர்களும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். நாற்காலி தொடப்படவில்லை, ஆகவே மறுபடி. மறுபடியும் மறுபடி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"அட்டையில இல்ல சார்!" என்றாள் முன்வரிசைக்காரி, ஆட்டத்தை விடாமல்.

பின்னாலிருந்து ஓர் அப்பா கேட்டார்: "சார், உங்க கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

கூடமே சிரித்தது. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைகள் முன் வைக்கலாமா என்று யோசித்தேன். வெட்கமில்லாமல் தூக்கிக்கொண்டு இரண்டடி நடந்தும் விட்டேன்.

டீச்சர் குச்சியை நிறுத்தினார். பிள்ளைகள் நின்றார்கள்.

"குச்சி சத்தம் கேட்டா வலது பக்கம் செஞ்சத இடது பக்கமும் செய்யணும் சார். அப்படித்தானே நான் பழக்கியிருக்கேன். இடது கூடாதுன்னா அத அட்டையில சொல்லவேணாமா?"

ஒரு வெற்று அட்டையை எடுத்து, இடப்பக்க அம்புக்குறி வரைந்து, அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வரிசையில் வைத்தார். என் கையிலிருந்த நாற்காலியை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். மறுபடி குச்சி தட்டினார். எல்லாரும் நாற்காலியைத் தொட்டார்கள். கைதட்டல் அடங்கும்வரை தலைமையாசிரியை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் வகுப்பும், ஏர்கான் அறைச் சாவியும் டீச்சருக்குப் போயின. நான் புக்கிட் பாஞ்சாங்கில் நான்கு வருடம் வேலை பார்த்தேன்.