ஒரு டம்ளர் காபி நேரம்

பழைய வண்டி ஓடுவது பெரிய காரியமே இல்லை. நிற்கும்போது அணையாமல் இருக்கிறதா என்பதுதான் காரியம். இதை என் மனைவி எனக்குப் புரியவைத்த இடம் சிங்காநல்லூர் சிக்னல்.

என்னைவிட வயதில் மூத்த ஒரு பைக்கை ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். பட்டுச்சேலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். சிவப்பு விளக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிட்டது. உதைத்தேன், வந்தது. விட்டேன், அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் இறங்கி, சேலையை உதறிவிட்டு, பக்கத்தில் நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டாள். பேருந்து என்னைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினாள்.

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்கு இருவரும் அந்த வண்டியில்தான் போவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பல மாதமாக நான் அந்த நினைப்பில்தான் இருந்தேன். அன்று இரவு சாப்பாடு போடும்போது அவள் நிபந்தனை சொன்னாள்.

“ஏனுங்க, நா ஒரு டம்ளர் காபி குடிச்சு முடிக்கற வரைக்கும் வண்டி அணையாம நிக்கோணுமுங்க. நீங்க கை வெக்கக் கூடாது. அணைஞ்சுதுன்னா பஸ்ஸுதான்.”

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அவள் காபி குடிக்கிற அழகைப் பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் தெரியும். ஊதி, ஆறவைத்து, பேப்பரில் ஒரு பக்கம் படித்து, பிறகு ஒரு வாய்.

மறுநாளே கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பிசின் மாதிரி அழுக்கு. துளை துளையாகக் கழுவி, ஊதி, மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டினேன். பளபளவென்று இருந்தது. உதைத்ததும் பிடித்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி தானாக வேகமெடுத்துக் கத்தியது, பிறகு பொத்தென்று அணைந்தது. முன்பு சும்மா அணைந்துகொண்டிருந்ததை, நான் கத்திவிட்டு அணையும்படி ஆக்கியிருந்தேன்.

கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று புகுந்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். சரி, இறுக்கினால் போச்சு என்று நினைத்தேன். நான் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். எங்கள் தொழிலில் ஒழுகினால் இறுக்குவோம், அதற்கும் ஒழுகினால் இன்னும் கொஞ்சம் இறுக்குவோம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து அந்த இரண்டு நட்டையும் ஒரு பிடி பிடிப்பேன். தினமும் வண்டி முந்தைய நாளைவிட மோசமாகக் கத்தும். சமையலறையிலிருந்த அவளுக்கே அந்தச் சத்தம் பழகிப்போனது. வேகம் ஏற ஆரம்பித்ததும், “இப்ப அணையப் போகுதுங்க” என்று உள்ளிருந்து குரல் வரும். சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, வாசலில் வண்டி கத்திக்கொண்டிருந்தது, அவள் ஹோஸ் பைப்பில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் எஞ்சின் பக்கம் தெறித்தது. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டியின் சத்தம் அடங்கி, டுப் டுப் டுப் என்று நிதானமாக ஓட ஆரம்பித்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி கத்தல்.

“இன்னொருக்கா ஊத்து அம்மணி!”

ஊற்றினாள். அந்த இணைப்பில் தண்ணீர் பட்டதும் மறுபடி அடங்கியது. இடுக்கைத் தண்ணீர் அடைத்துக்கொண்டிருந்தது! இவ்வளவு இறுக்கிய பிறகும் எப்படி இடுக்கு? கழற்றி, பொருந்தும் முகத்தின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் வெள்ளைக் கோடாக வெளிச்சம் தெரிந்தது. பம்பின் வார்ப்பிரும்பு என் பிடியைத் தாங்கும். இந்த மெல்லிய உலோகம் தாங்குமா? இரண்டு ஓரமும் எஞ்சின் பக்கம் வளைந்து, நடுப்பகுதி ஒட்டாமல் உள்வாங்கி நின்றது. நான் இறுக்க இறுக்கத்தான் இடுக்கு பெரிதாகியிருக்கிறது. வெட்கப்பட நேரமில்லை, காரணம் பிடிபட்ட குஷியில் நான் வாசலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

சமதளம் வேண்டுமே என்று ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டை உருவினேன். தக்காளியெல்லாம் தரைக்கு வந்தது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்ணாடிமேல் எமரி பேப்பரை விரித்து, ஸ்கேலில் வெளிச்சம் தெரியாத வரை தேய்த்தேன். இடையில் புது பேக்கிங் தாள் வெட்டி வைத்து, ஊறுகாய் பாட்டிலை மூடுகிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன். உதைத்தேன். டுப் டுப் டுப். சிரிப்பை அடக்க முடியவில்லை.

விடிந்ததும் அவள் காபியோடு வந்து படியில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பிவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு தள்ளி நின்றேன். வண்டி அத்தனை அழகாக நின்று ஓடியது. அவள் ஊதினாள். பேப்பரைத் திருப்பினாள். ஒரு வாய். இன்னும் ஊதல். எனக்கு மனதுக்குள் அந்தியூர் வழியில் கருமத்தம்பட்டி தாண்டி, அவிநாசியும் வந்துவிட்டது.

டம்ளர் பாதிகூடக் குறையவில்லை, எஞ்சின் லேசாக வேகமெடுத்தது. பெட்ரோல் டேப்! பழைய வண்டி சொட்டும் என்று ராத்திரி மூடியதை, சந்தோஷத்தில் திறக்க மறந்திருந்தேன். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது; பெட்ரோல் குறைந்தாலும், காற்று அதிகம் புகுந்தபோது வந்த அதே கத்தல்தான் வரும். எட்டித் திருப்பினால் போதும். ஆனால் கை வைக்கக் கூடாது.

அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்தச் சத்தம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டம்ளரை வாயில் வைத்து, ஆவி பறக்கிற காபியை அப்படியே கடகடவென்று குடித்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். வண்டி அணைந்தது.

“அணைஞ்சது நாங் குடிச்சு முடிச்சதுக்கு அப்பறந்தானுங்க,” என்றாள், நாக்கு வெந்ததில் வார்த்தை குழற. “பாத்துட்டே நிக்காம கெளம்புங்க.”

நான் டேப்பைத் திறந்தேன்.