டிரைவர் அக்காவின் பாரிடோன்

பல்கலைக்கழக இசைத்துறையில் எல்லோரும் அவளை டிரைவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள், முப்பத்தாறு வயதில் சாக்ஸபோன் படிக்க வந்து சேர்ந்திருந்தாள். கூடப் படித்தவர்களுக்கு அவள் வயதில் பாதிதான். வாத்தியாரே அவளுக்கு இளையவர். அவளைத் திட்ட வேண்டி வந்தால் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். வாரநாளில் படிப்பு, சனி ஞாயிறில் பேருந்து என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தாள். தண்ணீர் வாய்க்குள் நிற்காமல் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். இடது கன்னம் தொங்கிக் கிடந்தது. இடது கண் மூட மாட்டேன் என்றது. எலெக்ட்ரீஷியன் கணவர் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்.

"பயப்படாதீங்க, மூளையில ஒண்ணும் இல்ல. முகத்து நரம்பு வீங்கியிருக்கு. மருந்து தர்றேன், பெரும்பாலும் சரியாயிடும். கொஞ்ச நாளாகும்," என்றார் டாக்டர்.

"ஊதலாமா?"

"எதை?" என்று டாக்டர் முழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "இனிமே சண்டை போட்டா எந்தப் பக்கத்தைப் பாத்துப் பேசணும்னு முன்னாடியே சொல்லிடு," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. அதை உணர்ந்ததும் அழுதுவிட்டாள்.

"சும்மா இருங்கப்பா!" என்று மகள் சீறினாள்.

சில நாள் கழித்து, பயிற்சி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தாள். காற்று உதட்டோரமாக புஸ்ஸென்று போயிற்று, சுரம் வரவில்லை. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "இந்த வருஷம் விட்டுடுங்களேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"வண்டியும் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. இதுவும் இல்லன்னா, வீட்டுல உக்காந்து கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருக்கவா சார்?"

வகுப்புக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. மற்றவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஓரமாக உட்கார்ந்து, ஊதாமல் விரல்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். உதட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தபோதும் அவளுடைய சின்ன சாக்ஸபோனான ஆல்ட்டோ ஒத்துழைக்கவில்லை; அதை உதட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கருவிகள் வைக்கும் அறையில் பாரிடோன் ஒன்று தூசி படிந்து நின்றது. சாக்ஸபோன் குடும்பத்தில் பெரியண்ணன் மாதிரி; தூக்கினால் கழுத்து இற்றுப்போகும் என்று யாரும் தொடுவதில்லை. என்னதான் ஆகிவிடும் என்று எடுத்து ஊதினாள். கப்பல் கிளம்புவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த அறையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"இதுக்கு ஊதுற வாய் பெரிசு, உதட்டைத் தளர்வாப் பிடிச்சாத்தான் பேசும்," என்றார் வாத்தியார். அவருக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மகள் பிளாஸ்திரி வெட்டி அம்மாவின் இடது உதட்டோரத்தை மேலே இழுத்து ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். "ஆடாதம்மா. கோணலாயிடும்."

"அது ஏற்கெனவே கோணல்தானேடி."

தேர்வன்று பாதி வாசிப்பில் பிளாஸ்திரி கழன்று எச்சில் மோவாயில் இறங்கியது. நிறுத்தினாள். காது சூடேறியது. "ஒரு நிமிஷம்," என்று கைக்குட்டையால் துடைத்து, புதிதாக ஒன்றை ஒட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மேல் சுரங்கள் தள்ளாடின. கீழ்ச் சுரங்கள் அறையின் தரையையே அதிர வைத்தன. ஏதோ சுமாரான மதிப்பெண்தான், ஆனாலும் தேறிவிட்டாள்.

முகம் மெல்ல மெல்லச் சரியாகி, பேருந்துக்கும் திரும்பினாள். அசதியாக இருக்கும்போது மட்டும் இடது கண் சற்றுச் சுருங்கும். ஆல்ட்டோவுக்குத் திரும்பலாமே என்று வாத்தியார் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது குழுவில் பின்வரிசையில் பாரிடோன் அவளுடையது. கச்சேரி நாட்களில் அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போவது கணவர் வேலை.

"புல்லாங்குழல்னு ஒண்ணு இருக்காமே," என்று படிக்குப் படி மூச்சு வாங்குவார், "அதெல்லாம் உன் கண்ணுல படாதா?"