கேட்காமல் சொன்ன ஆமென்

மதுக்கரை ரோட்டில் லாரி உரசி மொபெட்டோடு விழுந்த என் கணவர், சிராய்ப்போடு உயிர் தப்பினார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஆண்டவர் காத்ததைச் சாட்சியாகச் சொன்னார்.

"ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணிப்போட்டனுங்க. இனி வெள்ளிக்கிழமையானா எங்க ஊட்டுல ஜெபக்கூட்டமுங்க. வர்ற அத்தனை பேருக்கும் சாப்பாடுங்க!"

சபையே "ஆமென்" என்றது. பழக்கத்தில் நானும் சொல்லித் தொலைத்தேன்.

அதன்பிறகு வெள்ளிதோறும் பீளமேட்டு மில்லில் வேலை முடித்து, கணபதியில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அந்தக் கூட்டம் முழுவதற்கும் சமைத்தேன். பொருத்தனை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தவரோ முன்னறையில் கண்மூடிப் பாடிக்கொண்டிருப்பார். வந்தவர்கள் அவருடைய விசுவாசத்தை மெச்சுவார்கள். என் ரசத்தில் உப்பு குறைவு என்பார்கள்.

ஒரு வெள்ளி, களைப்பில் ஸ்டவ் அருகிலேயே கண் அசந்துவிட்டேன். முந்தானையில் தீப்பிடித்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை மேலே கவிழ்த்துக்கொண்டதால் பிழைத்தேன். கருகிய முந்தானையோடு நேராக ஜெபக்கூட்டத்தின் நடுவே போய் நின்றேன்.

"ஏனுங்க, வாக்குக் குடுத்தது நீங்க. எரியறது நானுங்களா?"

"எல்லாரு முன்னாடியும் இப்படிப் பேசறயே?" என்றார்.

"எல்லாரு முன்னாடியுந்தானுங்க நீங்களும் வாக்குக் குடுத்தீங்க!"

ஜெபக்கூட்டம் நிற்கவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு, நிறுத்த நான் விடவும் மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சமையல் இப்போது அவருடையது. ரசத்தில் உப்பே இருக்காது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் முன்னறையில் உட்கார்ந்து பாடுகிறேன். யார் ஜெபித்தாலும், கொடுக்கிற வாக்கு யார் கையால் நிறைவேறப்போகிறது என்று முழுதாகக் கேட்ட பிறகே ஆமென் சொல்கிறேன்.