பொஸ்டன் போகும் பிள்ளைக்கு எமில்டா சொன்னவை

நம்புங்கள் என்று யாரையும் கேட்க மாட்டேன். நடந்த தேதியும் நேரமும் என் கையெழுத்தில் ஒரு கொப்பியில் இருக்கின்றன. கொப்பி இப்போது என்னிடம் இல்லை. பொலிஸாரிடம் இருக்கிறது. அதன் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2004, நவம்பர் கடைசி. நான் தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ஒரு மூலைக்கடைக்கு மேலே இருந்த ஃப்ளாட்டில் குடியிருந்தேன். பின்புறம் ட்ராம் பாதை. எங்களுக்கு மேலே வேறு மாடி இல்லை. என்னோடு இருந்தது தங்கை துஷ்யா மட்டும். இருபது வயது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பாரிஸில் இருந்தார்.

எனக்குப் போன் வழியாக மொழிபெயர்க்கும் வேலை. ஆஸ்பத்திரியிலோ கவுன்சிலிலோ ஆங்கிலம் தெரியாத தமிழர் ஒருவர் வந்து நின்றால் எனக்கு அழைப்பு வரும். காதில் விழுவதை எழுதுவேன். பிறகு மற்ற மொழியில் சொல்வேன். கவனம் சிதறக் கூடாது என்று மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தேன். என் முதுகுப் பக்கம் வாசல் கதவு.

துஷ்யா டிசம்பர் நான்காம் தேதி பொஸ்டன் போக இருந்தாள். ஒரு வாரம். தனியாக. அமெரிக்காவின் பழைய நகரம், பழைய வீதிகள், பழைய கல்லறைகள். அவற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை. நான்தான் அம்மாவிடம் பேசினேன்.

"அவளுக்கு ஒண்டும் நடக்காது. எல்லாம் விசாரிச்சுத்தான் அனுப்புறன்."

"உன்ர பொறுப்பு," என்றார் அம்மா. "நாளைக்கு என்னை அழ வைக்காதை."

விசாரித்தேன். கடையில், கோயிலில், மோர்டனில் ஒரு கலியாண வீட்டில். பொஸ்டனில் தெரிந்த ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று எல்லோரிடமும் கேட்டேன். எல்லோரும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

நவம்பர் 29, திங்கள். மாலை 4.40. வெளியே இருட்டிவிட்டது. போன் அடித்தது.

"நான் எமில்டா. பொஸ்டனில இருந்து கதைக்கிறன். தங்கச்சி இஞ்ச வாறாவாம் எண்டு கேள்விப்பட்டன்."

நடுத்தர வயதுப் பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ். நிதானமான பேச்சு.

நம்பர் யார் தந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. நம்பர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். உதவி செய்ய அழைத்தவரிடம் அதைக் கேட்டால் சந்தேகப்படுவது போலாகிவிடும். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

"பேப்பர் பேனை இருக்கோ? எழுதுங்கோ."

எழுதினேன்.

"சப்பாத்து தட்டையா இருக்கோணும். நகரத்தின்ர பழைய பக்கத்தில நடைபாதை முழுக்கச் செங்கல். குதி வைச்சதைப் போட்டா கால் பிரளும். நிலத்தில ஒரு சிவப்புக் கோடு போகும். பாக்க வேண்டிய இடமெல்லாம் அந்த வழியிலதான். கோட்டை விடாம நடந்தா வழி தவறமாட்டா. வீதியில நிண்டு மப்பை விரிக்க வேண்டாம். ஒரு கடைக்குள்ள போய் நிண்டு பாக்கச் சொல்லுங்கோ. இமிகிரேஷனில கேட்டதுக்கு மட்டும் பதில். கூடக் கதைக்க வேண்டாம்."

நல்ல குறிப்புகள். எதிலும் பிழை சொல்ல முடியாது.

அப்போது பின்புறம் ட்ராம் போனது. டிங்... டிங்... ஜன்னல் வழியாக ஒரு காதில் கேட்டது. ரிசீவர் வைத்திருந்த மற்றக் காதிலும் கேட்டது. ஒரே நேரத்தில். என் போனே அந்தச் சத்தத்தைப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து போன் கார்ட் போட்டு அழைப்பவர்களின் குரல் அரை விநாடி பிந்தி வரும். இவருடைய குரல் பிந்தவில்லை.

6.15க்குத் துஷ்யா வந்தாள். எழுதியதைக் காட்டினேன்.

"ஓ மை கோட். சப்பாத்துக்கு ஒரு ஆன்ட்டி, மப்புக்கு ஒரு ஆன்ட்டி. பிளேன் ஓட்டவும் ஒரு ஆன்ட்டி வருவாவோ, அக்கா?"

"நக்கல் அடிக்காமல் வாசி."

நவம்பர் 30, செவ்வாய். 4.40. ஒரு நிமிடம் முந்தவில்லை, பிந்தவில்லை.

"கையுறை ரெண்டு சோடி வேணும். ஒண்டு கட்டாயம் துலையும். ஆத்துப் பக்கம் காத்து மோசம். அந்தப் பச்சைத் தொப்பி காணாது. அது காதை மூடாது."

எழுதிக்கொண்டே போனேன். பச்சைத் தொப்பி என்றும் எழுதினேன்.

"பிறகு, ஹொஸ்டல் வேண்டாம். எங்கட பிள்ளை ஏன் கண்ட கண்ட ஆக்களோட நிக்கோணும்? என்ர வீட்டில நிக்கட்டும்."

விலாசம் சொன்னார். மலைச்சரிவில் ஒரு செங்கல் வீடு. மூன்றாம் மாடி. இரண்டு தரம் சொன்னார்.

"நாளைக்கு இந்த நேரம் வீட்டில நில்லுங்கோ. முக்கியமானதை நாளைக்குச் சொல்லுறன்."

போனை வைத்த பிறகுதான் கதிரையில் இருந்த கடைப்பையைக் கவனித்தேன். துஷ்யா மத்தியானம் வந்து வைத்துவிட்டுப் போனது. இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தேன்.

பச்சைத் தொப்பி.

1471 அழுத்தினேன். கடைசியாக அழைத்தது யார், எப்போது என்று அந்த எண் சொல்லும். பதிவு செய்த குரல் சொன்னது. கடைசி அழைப்பு இன்று காலை 10.05. அது ஆஸ்பத்திரி அழைப்பு. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

இரவு சாப்பிடும்போது துஷ்யா கேட்டாள்.

"அப்ப ஹொஸ்டலைக் கான்சல் பண்ணவோ?"

"வேண்டாம்."

"ஏன்? பாவம், அவா கூப்பிடுறா தானே."

"அவவுக்கு உன்ர தொப்பியின்ர நிறம் தெரியுது."

சிரித்தாள். பிறகு கடைப்பையைப் பார்த்தாள்.

"நான் ஒருத்தருக்கும் காட்டேல்லையே, அக்கா..."

டிசம்பர் 1, புதன். துஷ்யா வகுப்புக்குப் போயிருந்தாள். நான் 4.20க்குக் கதவைப் பூட்டினேன். பூட்டிய திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு. யார் நீங்கள், யார் நம்பர் தந்தது...

4.40.

"எழுதுங்கோ. இண்டைக்கு லைன் சரியில்லை. எழும்பினா விட்டுப்போகும். இருந்தபடியே எழுதுங்கோ."

லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் மூச்சுவிடுவது கூடக் கேட்டது.

"அதுக்கு முதல் ஒண்டு கேக்கோணும்," என்றேன்.

"எழுதி முடிச்சிட்டுக் கேளுங்கோ."

முதலிலிருந்து தொடங்கினார். சப்பாத்து. செங்கல். சிவப்புக் கோடு. அதே சொற்கள். அதே வரிசை. இன்னும் மெதுவாக. என் கை எழுதியது. அது பழக்கம். காதில் விழுந்தால் கை எழுதும்.

4.48. கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. கதவு திறந்தால் வரும் காற்று.

பூட்டிய கதவு.

4.50. படியில் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

பாரமான எதையோ ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றுகிற சத்தம். கடைச் சாமான் என்று நினைத்தேன். கடைச் சாமான் மேலே வருவதில்லை.

பின்னால் திரும்பிப் பார்க்க நினைத்தேன்.

"எழுதிறியளோ?"

"ஓம்..."

"வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லது. இன்னும் கொஞ்சம்தான்."

5.02. லைன் விட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

கதவு பூட்டியபடி. திறப்பு மேசையில்.

நிலத்தில் இரண்டு ஈரக்கோடுகள். மெல்லியவை. கதவிலிருந்து தொடங்கி...

அறையின் நடுவில் நின்றிருந்தன.

துஷ்யாவிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அவள் ஹொஸ்டலிலேயே நின்றாள். ஒவ்வொரு நாளும் பேசினாள். அம்மாவிடமும் பேசினாள். அம்மா என்னைப் பாராட்டினார்.

டிசம்பர் 8, புதன். இரவு 7.30. பொஸ்டனில் பிற்பகல் 2.30. துஷ்யா.

"அக்கா, என்னை ஏசக் கூடாது. நான் அந்த வீட்டுக்குப் போனன்."

"ஏன்டி போனாய்?"

"சும்மா பாக்கத்தான். உள்ளுக்குப் போகேல்ல. ஒரு வயசான வெள்ளைக்காரர் இருக்கிறார். இருவது வருசமா அதே வீடுதானாம். எமில்டா எண்டு ஒருத்தரும் அங்க இல்லையாம். ஆனா..."

"ஆனா?"

"அந்தப் பேர் அவருக்குத் தெரியும்."

அவருடைய பேத்தி மெகன். பத்தொன்பது வயது. லண்டன் பார்க்க வர இருந்தாள். எமில்டா என்ற பெண் அவரை மூன்று நாள் போனில் அழைத்திருக்கிறாள். நல்ல ஆங்கிலம். லண்டனுக்கு வரும் பிள்ளைக்குக் குறிப்புகள் சொன்னாளாம். கிழவர் எழுதி வைத்திருந்தார். துஷ்யாவிடம் காட்டினார்.

"ரோட்டைக் கடக்கேக்க முதல்ல வலப்பக்கம் பாக்கோணும். எஸ்கலேட்டரில வலப்பக்கம் நிக்கோணும். ஹோட்டல் வேண்டாம், என்ர வீட்டில நிக்கலாம். கீழ விலாசம்."

"எந்த விலாசம்?"



"எங்கட வீடு, அக்கா."

மெகன் டிசம்பர் முதலாம் தேதி லண்டனில் இறங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நல்ல ஒரு பெண்ணின் வீட்டில்தானே நிற்கிறாள் என்று கிழவர் பயப்படாமல் இருந்திருக்கிறார்.

அன்றிரவே பொலிஸுக்குப் போனேன். கொப்பியைக் கொடுத்தேன். நான்கு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஃப்ளாட்டை இரண்டு தரம் சோதித்தார்கள். என் போனுக்கு அந்த மூன்று மாலையும் எந்த அழைப்பும் வந்ததாகப் பதிவு இல்லை என்றார்கள். என்னைப் பார்த்த விதம் மாறிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

துஷ்யா பதினோராம் தேதி வந்து சேர்ந்தாள். ஒரு கீறல் கூட இல்லை. நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

மெகன் இன்றுவரை கிடைக்கவில்லை.

2005, ஜனவரி 6. பொலிஸார் ஒருவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பெயர் தவராசா. ஹவுன்ஸ்லோவில் மினிகாப் ஓட்டுபவர். பத்து வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். டிசம்பர் முதலாம் தேதி ஹீத்ரோவில் மெகனை ஏற்றியவர் அவர்.

ஆங்கிலத்தில் அவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்திருந்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னார்.

"ஓம் தங்கச்சி, இந்த வீடுதான். கதவு திறந்து கிடந்தது. பிள்ளையின்ர பெட்டி சரியான பாரம். நான்தான் படியால இழுத்துக்கொண்டு வந்தனான். உள்ளுக்கு உருட்டியும் விட்டனான்."

"உள்ளுக்கு ஆர் இருந்தது?"

"நீங்கள்தான்."

என் மேசையைக் காட்டினார்.

"சுவரைப் பாத்தபடி போனில இருந்தியள். எழுதிக்கொண்டிருந்தியள். நான் ஹலோ எண்டனான். நீங்கள் திரும்பேல்ல. வேலையில நிக்கிறா எண்டு நினைச்சன்."

"வேற ஆர்?"

"மற்ற அம்மா. உங்களுக்குப் பின்னால. உங்கட தோளுக்குக் கிட்டக் குனிஞ்சு நிண்டவா. ஒரு கையால பிள்ளையின்ர கையைப் பிடிச்சிருந்தவா."

"என்ன சொன்னவா?"



"எனக்கு ஒண்டும் சொல்லேல்ல. சத்தமே வரேல்ல, தங்கச்சி. வாய் மட்டும் அசைஞ்சு கொண்டிருந்தது. அவவின்ர வாய் அசைய அசைய... நீங்கள் எழுதினியள்."