மூடி அமுங்கும் நேரம்

என் சித்தி நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மில்லுக்குள் இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அந்தப் பழக்கம்தான் இப்போது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காது மங்கிக்கொண்டு வந்தது. மாடியில் குடியிருக்கும் எனக்கு அது தெரியும். அவள் வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவர் என் அறைக்குள்ளேயே வந்து வாசிப்பார். ஆனால் அவளுடைய சிநேகிதிகள் இருவருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று சித்தி பிடிவாதமாக இருந்தாள். காரணம் ஜாம்.

பிளம்ஸ் விலை இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சித்தியின் சமையலறையில் கூடுவார்கள். சித்தியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த டெய்லர், பழத்தைக் கீறிக் கொட்டை எடுப்பாள். இரவு டூட்டி முடித்து நேராக வரும் நர்ஸ், இருவருக்கும் இளையவள், பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பாள். கிளறுவது சித்தி. ஜாமை நிரப்பி, மூடி, பாட்டிலோடு மறுபடி தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேஜையில் துண்டு விரித்து அடுக்குவார்கள். ஆற ஆற, மூடியின் நடுவில் புடைத்திருக்கும் தகடு ‘டொக்’கென்று உள்ளே அமுங்கும். இனி காற்றுப் புகாது, கெடாது.

அந்தச் சத்தம் சித்தியின் சொத்து. கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு டொக்குக்கும் அந்தப் பாட்டில் யாருக்கு என்பதை, “தபால்காரருக்கு”, “எதிர்வீட்டுப் புதுப்பொண்ணுக்கு” என்று சொல்லிக்கொண்டே வருவாள். சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. காலமெல்லாம் மில்லில் மேஸ்திரி சொன்னதைச் செய்தவளுக்கு, தான் சொல்லி மற்றவர்கள் கேட்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். காது போனது தெரிந்தால் அது தன் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தாள்.

இந்த வருஷம் ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, வெளியே தெரு கரைந்து போயிருந்தது. அடுப்பில் பழம் சிவந்து குழைந்தது. குமிழிகள் ஓசையில்லாமல் எழுந்து ஓசையில்லாமல் உடைந்தன. தண்ணீருக்கடியில் யாரோ சமைப்பதைப் பார்ப்பது போல இருந்தது என்று சித்தி பின்னால் என்னிடம் சொன்னாள்.

மேஜையில் பாட்டில்கள் ஏறின. சித்தி கண்ணை முழுசாக மூடவில்லை. இமைக்கிடையில் நர்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நர்ஸின் புருவம் ஒரு துள்ளு துள்ளும். துள்ளியது.

“செருப்புக் கடைக்காரருக்கு.”

மறுபடி துள்ளியது. “என் நாத்தனாருக்கு.”

பிறகு புருவம் அசையவே இல்லை. டூட்டி அசதியில் நர்ஸ் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்தபடி தூங்கிப்போயிருந்தாள். டெய்லர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். பார்க்க ஒரு முகம் இல்லை. வெயில் பாட்டில்களுக்குள் புகுந்து துண்டின் மேல் சிவப்பாகச் சிந்திக் கிடந்தது. சித்தி அதில் விரலை வைத்தாள். விரலும் சிவந்தது. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

டெய்லர் ஈரக்கையோடு எதிரே வந்து நின்றாள். “என்னடி, வரிசையா டொக்கு டொக்குன்னு போட்டுச்சு. யாருக்குன்னு சொல்லாம ஜாமுக்குள்ள முங்கிட்டியா?”

சித்தி அவள் உதட்டைப் பார்த்தாள். ஏதாவது நாலு பேரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“கேக்கலடி.”

“சரி, கத்திச் சொல்றேன்…”

“நீ சொன்னது தெரிஞ்சுது. மூடிதான் கேக்கல. கொஞ்ச நாளாவே எதுவும் கேக்கல.”

டெய்லர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “அப்போ அன்னைக்கு உன் வாசல்ல நின்னு கத்தினேனே, நீ தொறக்காம இருந்தது…”

“எப்போ கத்தினே?”

“அடிப்பாவி! அதுக்குத்தான் ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்தேன்.”

“பேசாம இருந்தியா? எனக்குத் தெரியவே இல்லையே.”

டெய்லர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் திடுக்கிட்டு விழித்தாள். விஷயம் தெரிந்ததும், “நாளைக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க அக்கா. காது டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

சித்தி தலையாட்டினாள். ஆனால் கண் பாட்டில்கள் மேல்தான் இருந்தது. “இனிமே நீங்களே யாருக்குன்னு சொல்லிக்கோங்க” என்றாள்.

“எங்களுக்கென்ன தெரியும், யாரு வீட்டுல ஜாம் இல்லன்னு?” டெய்லர் தன் நாற்காலியை ஒட்டிப் போட்டு, சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “சத்தம் என் பொறுப்பு. அமுங்கின மூடி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தட்டு தட்டுறேன். யாருக்குங்கிறது உன் பொறுப்பு. கண்ண மூடு.”

சித்தி மூடினாள். மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது.

“தூக்கம் வராத வாட்ச்மேனுக்கு.”

தட்டு.

“நர்ஸம்மாவோட மாமியாருக்கு. அப்பவாவது வாய் இனிக்கட்டும்.” பக்கத்தில் நர்ஸ் குலுங்கிச் சிரிப்பது மேஜை வழியாகவே அவளுக்கு வந்து சேர்ந்தது.

தட்டு.

“உனக்குத்தான், போ.”

உடனே இன்னொரு தட்டு. அதன் மேலேயே இன்னொன்று. சித்தி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். மிச்சமிருந்த இரண்டு மூடிகளும் புடைத்தபடியே மினுங்கின.

“கையெடு, திருடி. அதெல்லாம் இன்னும் அமுங்கவே இல்ல.”